கிராசிங் கார்டு

வில்லோ பெண்ட் அபார்ட்மெண்ட்ஸ், டெக்சாஸ்
28 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் நலம். உங்கள் காதைத் தவிர அங்கே மற்றதெல்லாம் நலம் என்று அண்ணன் அல்தாப் சொன்னான். போன வாரம் நான் போனில் "வீடு மாத்திட்டோம் அத்தா" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், நீங்கள் "என்ன மாத்திரை? யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அம்மாவையும் சேர்த்துப் பதற வைத்துவிட்டீர்கள். போன் கார்டும் தீர்ந்துபோனது. இனிமேல் உங்களோடு கடிதம்தான். கலெக்டருக்கு மனு எழுதி எழுதிப் பழகிய உங்கள் கைக்கும் அதுதான் தோது.

புது வீடு வசதிதான். அவருக்கு இர்விங்கில் ஆபீஸ், முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். காரை எடுத்துக்கொண்டு விடிந்ததும் போய்விடுகிறார். என் விசாவில் எனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரும்வரை நான், ஆஸிபா, சமையல். ஆஸிபா ஒன்றாம் வகுப்பு போகிறாள். பால்கனியில் நின்றால் அவள் ஸ்கூல் கொடிக்கம்பமே தெரியும்.

அதில்தான் வினை. ஸ்கூலுக்கும் எங்களுக்கும் நடுவே ஆறு லேன் ரோடு. கார்கள் என்ன வேகம் போகின்றன தெரியுமா! சிக்னல் வெகு தூரத்தில், அதுவரை நடக்கப் பிளாட்பாரமும் கிடையாது. ஸ்கூல் பஸ் கேட்டால், "இவ்வளவு பக்கத்தில் இருக்கீங்களே, பஸ் கிடையாது" என்கிறார்கள். கீழ் வீட்டுக் கண்மணி, சேலத்துப் பெண், அவளும் என்னை மாதிரிதான், காரில்லாமல் இருக்கிறாள். நாங்கள் இருவரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்கிறோம், நிற்கிறோம், நின்றுகொண்டே இருக்கிறோம். தினமும் ஆஸிபா லேட்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இஸ்ரத்


பள்ளிவாசல் தெரு
16 செப்டம்பர் 2005

என் உயிரினும் மேலான மகள் இஸ்ரத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. காதில் விழாததெல்லாம் கண்ணில் விழுந்தது, மகிழ்ச்சி. உன் அம்மாவுக்கு நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். தெருவே கேட்டதாக அவள் சொல்கிறாள்.

நீ கேட்டது சரியான ஆளிடம். இது மக்கள் பிரச்சினை. மக்கள் பிரச்சினைக்கு முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் மனு. தெளிவாக ஒரே பக்கம். அடியில் கையெழுத்துகள், எத்தனை முடியுமோ அத்தனை. அப்புறம் உங்கள் வார்டு கவுன்சிலர் யாரென்று கண்டுபிடி. தனியாகப் போகாதே, பெண்களைக் கூட்டிக்கொண்டு போ. வெறுங்கையோடு போகாதே, ஒரு பொன்னாடை போர்த்து. உன் கல்யாணத்துக்கு வந்த சால்வைகளில் நாலைந்து உன் பெட்டியில் இருக்குமே. எந்த நாட்டு அரசியல்வாதியாக இருந்தாலும் தோளில் துணி விழுந்தால் மனசு இளகும்.

பொறுமை வேண்டும் மகளே. நம் பைபாஸில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு வேகத்தடை கேட்டு நான் எத்தனை வருஷமாக அலைகிறேன், உனக்கே தெரியும். நீ அந்தப் பள்ளியில் படிக்கும்போதே ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல். இந்தத் தடவை கவுன்சிலர் சீட் எனக்குத்தான் என்று மாவட்டச் செயலாளர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போய் உட்கார்ந்தால் முதல் கையெழுத்து அந்த வேகத்தடைக்குத்தான்.

மாப்பிள்ளைக்கு ஸலாம். ஆஸிபாவுக்கு முத்தங்கள்.

என்றும் மக்கள் பணியில்,
பக்கீர் முகம்மது,
வட்டச் செயலாளர்


டெக்சாஸ்
19 நவம்பர் 2005

அன்புள்ள அத்தா,

மகளுக்கு எழுதும் கடிதத்தில்கூட வட்டச் செயலாளர் என்று போட வேண்டுமா? அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். மனு எழுதினேன். இந்த அபார்ட்மெண்டில் இருக்கிற தமிழ், தெலுங்கு, மெக்சிகோ குடும்பங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். நாலு பெண்களாகக் கவுன்சிலர் அம்மாவைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷி, எழுந்து நின்று கை கொடுத்தார். நான் பச்சைக்கரை போட்ட சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டேன் பாருங்கள், "இதன் விலை என்ன?" என்று கேட்டார். விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. பரிசு என்றதும் முகமே மாறிப்போனது. பரிசு வாங்கினால் அவர்களுக்குச் சட்டச் சிக்கலாம். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்மணி வரும் வழியெல்லாம் சிரித்தாள். எனக்குத்தான் மானம் போனது.

ரோடு ஊருடையது இல்லையாம், மாநிலத்துடையதாம். மாநில ஆபீஸில் கேட்டால் முதலில் எத்தனை வண்டி போகிறது, எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ண வேண்டுமாம். யாரும் நடக்க முடியாத ரோட்டில் யாரை எண்ணப் போகிறார்கள்? எண்ணிய பிறகு பட்ஜெட். கவுன்சிலர் அம்மா, "மே மாதம் எலெக்‌ஷன் முடியட்டும்" என்றார். அத்தா, உங்கள் மாவட்டச் செயலாளர்தான் வேஷம் மாற்றி வந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

இப்போது சொல்லப்போவதை அம்மாவுக்கு மெதுவாகப் படியுங்கள். போன திங்கள்கிழமை ரோட்டைக் கடக்கும்போது கண்மணி மகளின் ஷூ ஒன்று கழன்று நடுரோட்டில் விழுந்தது. கண்மணி பிடியை உதறிவிட்டு அது ஓடிப்போய் எடுக்கிறது. பெரிய டிரக் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையிடமிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றது. கண்மணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் மனுவையும் மே மாதத்தையும் நினைக்கவில்லை. துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டேன். வண்டிகள் கொஞ்சம் தூரத்தில் வரும்போதே ரோட்டில் இறங்கி, நம்மூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் செய்வோமே, அந்த மாதிரி கையை நீட்டிக்கொண்டே நடந்தேன். அத்தா, நின்றுவிட்டார்கள்! ஆறு லேனும் நின்றது. ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகக் கடந்தார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் நான்தான் நிற்கிறேன். ஆஸிபா இப்போது லேட்டே கிடையாது.

உங்கள் மகள்,
இஸ்ரத்


பள்ளிவாசல் தெரு
12 டிசம்பர் 2005

மகள் இஸ்ரத்துக்கு,

உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை அல்தாப்புக்குப் போன் பண்ணிவிட்டார். "இஸ்ரத் பிள்ளைங்களைக் கடத்துறாம்மா" என்று அல்தாப் வந்து சொல்ல, உன் அம்மா "யா அல்லாஹ், எம் பிள்ளை யாரு பிள்ளையைக் கடத்துச்சு?" என்று அலறி, பக்கத்து வீட்டுச் சாந்தாமணி டீச்சர் சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். ரோட்டைக் கடத்துவது என்று விளங்க வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. விளங்கியதும் அவள் இன்னும் அதிகமாகத்தான் அழுதாள்.

மாப்பிள்ளை சொல்வதில் என்ன தப்பு? கிரீன் கார்டு மனு உள்ளே கிடக்கிறது. போலீஸ் உன்னைப் பிடித்தால், ஒரு கேஸ் எழுதினால், எல்லாம் பாழ். அதுவும் நம் பெயர்களை அந்த நாட்டில் இப்போது இரண்டு தடவை படிக்கிறார்களாம். அவர் பயப்படாமல் என்ன செய்வார்?

போக்குவரத்தை நிறுத்துவது அரசாங்கத்தின் வேலை. ஆளாளுக்குக் கை நீட்டினால் அரசாங்கம் எதற்கு, கட்சி எதற்கு, நான் எதற்கு? கார்டு வரும்வரை வீட்டில் இரு. பிள்ளை லேட்டாகப் போனால் போகட்டும். இது உன் அத்தா சொல். மறுபேச்சு வேண்டாம்.

பக்கீர் முகம்மது


டெக்சாஸ்
20 பிப்ரவரி 2006

அன்புள்ள அத்தா,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் நான் நிற்பதை நிறுத்தவில்லை. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒருநாள் பெரிய ஆபத்து வந்தது. அதுவும் என்னால். நான் நடுரோட்டில் நிற்கிறேன், வண்டிகள் நின்றுவிட்டன, பிள்ளைகள் ஓரத்தில் தயங்குகின்றன. நாம் கூப்பிடுவோமே, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டி, அப்படி "வா வா" என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் இறங்கின. அதே நேரம் முன்னால் நின்ற பிக்கப் வண்டியும் கிளம்பிவிட்டது! கண்மணி முன்னால் போன பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்த ஆள் இறங்கி வந்து, "நீங்கள்தானே மேடம் போகச் சொன்னீங்க" என்கிறார். நான் எங்கே சொன்னேன்? ஒன்றுமே விளங்கவில்லை.

ஆஸிபாதான் விளக்கினாள். "மாம், யூ வேர் டெல்லிங் ஹிம் டு கோ" என்றாள். இங்கே கையைக் கவிழ்த்து ஆட்டினால் போ போ என்று விரட்டுவதாம். உள்ளங்கை மேலே பார்த்தால்தான் வா. ஆறு வயசுப் பிள்ளை கண்ணாடி முன்னால் என்னை நிறுத்திக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழக்கினாள். முப்பது வருஷம் கவிழ்ந்தே பழகிய கை, லேசில் திரும்புமா?

அந்தச் சம்பவத்தை யாரோ போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் போலீஸ் கார் வந்து நின்றது. ஆறடிக்கு மேல் உயரமான ஆள். பெயர் கேட்டார். இஸ்ரத் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உங்கள் மாப்பிள்ளை முகமும், கிரீன் கார்டும், நீங்களும் வரிசையாக என் கண் முன்னால் வந்து போனீர்கள். "நீங்க இப்படி டிராபிக்கை நிறுத்தக்கூடாது மேடம்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "சரி சார். இந்தப் பிள்ளைங்க எப்படிப் போகணும்னு நீங்களே செஞ்சு காட்டுங்க, நான் அதே மாதிரி செய்யறேன்" என்றேன்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தூரத்துச் சிக்னலைப் பார்த்தார். நேராகப் போய்க் காரின் லைட்டைப் போட்டுக் குறுக்கே நிறுத்திவிட்டு, பிள்ளைகளைத் தானே கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டார். அந்த வாரம் முழுக்க வந்தார். வெள்ளிக்கிழமை என்னை ஸ்கூலுக்கு அழைத்துப் போய் பிரின்சிபாலிடம், "இவங்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கங்க" என்றார். சம்பளம் கிடையாது, என் விசாவில் வாங்கவும் கூடாது. வக்கீலிடம் கேட்டு, கேஸுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று உறுதியான பிறகு உங்கள் மாப்பிள்ளையும் வாயை மூடிக்கொண்டார். இப்போது பளபளக்கிற பச்சை மேலாடை, கையில் "ஸ்டாப்" பலகை.

ஆக அத்தா, உங்கள் மகளுக்குக் கிராசிங் கார்டு கிடைத்துவிட்டது! சந்தோஷம்தானே?

இஸ்ரத்


பள்ளிவாசல் தெரு
14 மார்ச் 2006

கண்ணே இஸ்ரத்,

அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் மேலே இருந்த கோபமெல்லாம் பறந்துவிட்டது. உன் அம்மா உடனே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் தொழுதாள். முன்பின் தெரியாத போலீஸ் அதிகாரியே சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தார் என்றால் சும்மாவா!

தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாயிற்று. "கிரீன் கார்டா பாய்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "கிரீன் கார்டுக்கு முந்தின படி, கிராசிங் கார்டு. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கடந்தாச்சுன்னு அர்த்தம்" என்று விளக்கினேன். நீ பச்சை உடை என்று எழுதியிருந்ததும் பொருத்தமாகத்தான் இருந்தது. மாவட்டச் செயலாளரே நம் கடைக்கு வந்து சால்வை போட்டார். நம் தெரு முனையில் கட்சி சார்பில் வாழ்த்துத் தட்டி வைத்திருக்கிறார்கள், உன் கல்யாணப் போட்டோவோடு. தேர்தல் நேரத்தில் இதெல்லாம் உதவும்.

கார்டின் நகல் ஒன்று அனுப்பு. சட்டம் போட்டுக் கடையில் மாட்ட வேண்டும். லீவுக்கு இங்கே வந்தால் திரும்பப் போக இனி ஒரு தடையும் இருக்காதே, எப்போது வருகிறாய்?

பெருமையுடன்,
உன் அத்தா


டெக்சாஸ்
9 ஏப்ரல் 2006

அத்தா,

மைசூர்பாகா! படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கண்மணி மாடி ஏறி வந்துவிட்டாள். அப்புறம் தட்டி, கல்யாணப் போட்டோ என்றெல்லாம் வந்ததும் சிரிப்பு நின்றுபோய்க் கோபம் வந்தது.

அது அந்தக் கார்டு இல்லை அத்தா. ரயிலில் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுவாரே, கார்டு, அந்தக் கார்டு. காவலுக்கு நிற்கிறவர். ரோடு கிராஸ் பண்ணும் இடத்தில் காவலுக்கு நிற்கிறவள் கிராசிங் கார்டு. கையில் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை. நகல் எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் எடுக்க வேண்டும். கிரீன் கார்டு இன்னும் அதே வரிசையில் கிடக்கிறது, எப்போது வருமோ வரட்டும்.

நான் ரோட்டில் நின்றால் கிறுக்கு, கார்டு வந்தால் பெருமை, இல்லையா? எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். வெயிலிலும் குளிரிலும் நின்றேனே, பிள்ளைகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறார்களே, அதற்கு ஒரு மைசூர்பாகு கிடையாதா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்பட்டால் படுங்கள். அந்தப் பைபாஸில் நான் கடந்திருக்கிறேன். என் கூடப் படித்த பெண்கள் இப்போது தங்கள் மகள்களை அதே ரோட்டில் அனுப்புகிறார்கள். வேகத்தடைக்கு மனு எழுதினீர்கள், சரி. கவுன்சிலர் ஆனதும் முதல் கையெழுத்து என்கிறீர்கள், அதுவும் சரி. கடையை அல்தாப் பார்த்துக்கொள்கிறான். காலையில் உங்களுக்குப் பேப்பர் படிப்பதைத் தவிர என்ன வேலை? பள்ளிக்கூட நேரத்துக்கு நீங்களே போய் ஒரு கையை நீட்டினால் என்ன?

மகள்,
இஸ்ரத்


டெக்சாஸ்
30 ஜூலை 2006

அன்புள்ள அத்தாவுக்கு,

நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. அல்தாப்பிடம் கேட்டால் "அத்தா நல்லா இருக்காங்க, பிஸியா இருக்காங்க" என்று சிரிக்கிறான். அம்மாவிடம் கேட்டால் "உங்க அத்தாவைப் பத்தி எங்கிட்ட பேசாதே" என்கிறார்கள். நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் பெரிய மனசு பண்ணுங்கள். ஆனால் கேட்டதைத் திரும்பப் பெறமாட்டேன், நான் உங்கள் மகள்தானே.

ஸ்கூல் லீவு விடுவதற்கு முன்னால் ரோட்டில் எண்ணும் மெஷின் வைத்தார்கள். கடக்கிற பிள்ளைகள் இப்போது எண்ணிக்கையில் வந்துவிட்டார்களாம், சிக்னல் வந்தாலும் வரலாம் என்று கவுன்சிலர் அம்மா ஆளனுப்பிச் சொன்னார். பள்ளி திறந்ததும் கண்மணிக்கும் பச்சை மேலாடை வருகிறது. மாலை நேரம் அவள் பார்த்துக்கொள்வாள்.

நன்னா ஏன் எழுதவில்லை என்று ஆஸிபா கேட்கிறாள். இரண்டு வரி போதும் அத்தா.

இஸ்ரத்


பள்ளிவாசல் தெரு
24 செப்டம்பர் 2006

அன்பு மகள் இஸ்ரத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். கோபம்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பேப்பரைக்கூடப் பிரிக்கவில்லை. அப்புறம் எழுதுவதற்கு நேரமில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று பைபாஸுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சாந்தாமணி டீச்சர் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறார், நீ எழுதியிருந்தாயே, நிற்கிறோம் நிற்கிறோம் என்று, அதே மாதிரி. கை தானாக நீண்டுவிட்டது. முதல் லாரிக்காரன் "யோவ் பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். கத்தினானே தவிர நின்றுவிட்டான். காது கேட்காததில் ஒரு லாபம், ஹாரன் ஒன்றும் என்னைச் செய்யாது. வலப்பக்கம் வருவதை டீச்சர் என் சட்டையை இழுத்துச் சொல்வார். இங்கே கையைக் கவிழ்த்துக் கூப்பிட்டாலே போதும், பிள்ளைகளுக்கும் விளங்குகிறது, லாரிக்காரனுக்கும் விளங்குகிறது. உன் அம்மா இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. இப்போது பிளாஸ்கில் டீ வருகிறது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் காலை பிள்ளைகள் பாதி ரோட்டில் இருக்கும்போது கொடி கட்டிய கார்கள் வரிசையாக வந்தன. நம் கட்சிக் கொடி. முதல் காரில் மாவட்டச் செயலாளர். அவரைக் கண்டால் என் துண்டு தோளிலிருந்து தானாக இறங்கிவிடும், உனக்குத் தெரியும். அன்று என் கை இறங்கவில்லை இஸ்ரத். கடைசிப் பிள்ளை, காலில் கட்டுப் போட்ட ஒரு குட்டி, அது நொண்டி நொண்டி அந்தப் பக்கம் ஏறும்வரை எல்லாக் காரும் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, "என்ன பாய், நம்ம வண்டியவே நிறுத்துறீங்க?" என்றார். "பிள்ளைங்க போகுதுங்க தலைவரே" என்றேன். கண்ணாடி ஏறிவிட்டது.

போன வாரம் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்தது. நம் வார்டு சீட் அரிசிக்கடைச் சந்தானத்துக்கு. முப்பது வருஷம் காத்திருந்தேன், வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். சந்தானம் வீட்டுக்கு வந்து, ஜெயித்தால் வேகத்தடைதான் முதல் வேலை என்றான். போடட்டும், போட்டால் எனக்கும் கால் வலி மிச்சம். தட்டியில் இருந்த உன் போட்டோவைக் கழற்றி வாங்கி வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கால்வலியில் எழ முடியாமல் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் எனக்காகக் காத்திருக்காமல் கையை நீட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறார்கள். வண்டிகள் நிற்கின்றன. என்னைப் பார்த்ததும், "வாங்க தாத்தா, நாங்க கடத்தி விடறோம்" என்று என்னையும் கடத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் போய் நின்றபோது உன்னை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் உன் பெயரில் மறுபடி மைசூர்பாகு வாங்கித் தெருவுக்குக் கொடுத்தேன். "இப்ப என்ன கார்டு பாய் வந்திருக்கு?" என்றார்கள். விளக்கிச் சொன்னேன். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்.

ஆஸிபாவிடம் சொல், நன்னாவுக்கும் அதே வேலைதான் என்று.

உன் அத்தா,
கிராசிங் கார்டு பக்கீர் முகம்மது